பெயிண்ட் படாத இடம்

முதலாளி என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். பேங்கில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லோருமே அவருக்குத் தாயிதான். கேஷியர் அண்ணே, மேனேஜர் தெய்வம். கடன் கிடைக்கும்வரை பியூனுக்குக்கூட எழுந்து நின்று கும்பிடு போடுவார்.

காளவாசலைத் தாண்டித் தேனி ரோட்டில் கொஞ்சம் தள்ளி இருந்தது அவருடைய கம்பெனி. விசைத்தறியில் வேட்டியும் துண்டும் நெய்து வெளியூருக்கு அனுப்புகிற கம்பெனி. வரவு செலவு எங்கள் பேங்கில். என் நாத்தனாரின் புருஷன் அங்கே கணக்கு மேனேஜராக இருந்தார். நாத்தனார் புருஷனை அண்ணன் என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இங்கேயும் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஆயுத பூஜைக்கு அந்தத் தறி ஷெட்டுக்கு எங்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். நான் அப்போது கவுன்டரில் பணம் எண்ணிக்கொண்டிருந்தவள். கடன் பிரிவுக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் முதலாளி சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் என் கையில் திணித்துவிட்டார்.

“பேங்குல இருக்க மகாலட்சுமி நீயி. உங்கையால வச்சாத்தான் தொழில் வெளங்கும். ஒன்னு விடாம வையி தாயி.”

எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி ஒரு மரியாதையை யாரும் கொடுத்ததில்லை. ஷெட்டில் இருந்த ஒவ்வொரு தறிக்கும், பாவு நூல் ஓட்டுகிற மிஷினுக்கும், மூலையில் கிடந்த தராசுக்கும்கூடப் பொட்டு வைத்தேன். சந்தனம் காயாமல் இருக்க நாத்தனார் தண்ணீர்ச் சொம்போடு பின்னாலேயே வந்தார். மணிக்கட்டு வலி எடுத்துவிட்டது. “போதும்னு சொல்லு, விட்ருவாரு” என்று நாத்தனார் சிரித்தார். நான் விடவில்லை. முகஸ்துதிக்கு மயங்காத பொம்பளை மதுரையில் உண்டா என்ன?

நாத்தனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு பேங்க் வேலை உத்தரவு வந்தபோது, மருமகள் சம்பாதித்து நாங்கள் சாப்பிட வேண்டியதில்லை என்று மாமியார் வீட்டில் குதித்தார்கள். நாத்தனார் ஒருத்திதான் எழுந்து நின்று, “படிச்ச புள்ளைய அடுப்புக்குள்ள தள்ளாதீக. அவ போகட்டும்” என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டால் இந்தக் கதையும் இல்லை, என் வேலையும் இல்லை.

பொங்கல் முடிந்து என்னைக் கடன் பிரிவுக்கு மாற்றினார்கள். கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டைப் படிப்பது, சொத்து என்று காட்டியிருப்பது நிஜமாகவே இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பது, இதுதான் வேலை. முதலில் என் மேஜைக்கு வந்த கட்டுகளில் முதலாளியின் கம்பெனியும் ஒன்று. போன சித்திரையில் எங்கள் பேங்கில் வாங்கிய கடனில் பன்னிரண்டு புதுத் தறி வாங்கியதாகச் சொத்துப் பக்கத்தில் ஏற்றியிருந்தார்கள். லாபமும் ஏறியிருந்தது. அந்த லாபத்தைக் காட்டி இன்னொரு கடனும் கேட்டிருந்தார்கள். பார்க்க அழகான கணக்கு. அண்ணனின் வேலை சுத்தமாகத்தான் இருக்கும்.

ஆனால் கரண்டு பில் ஏறவில்லை. தறிக்காரர்களின் கூலியும் ஏறவில்லை. பன்னிரண்டு தறி கூடுதலாக ஓடினால் அவற்றை ஓட்டப் பேய் வருமா? அண்ணனுக்கு போன் போட்டுக் கேட்டேன்.

“கரண்டு கட்டு இருக்குல்ல தங்கச்சி. ஓடுற நேரமே கம்மி” என்றார்.

“ஓடுற நேரம் கம்மின்னா லாபம் மட்டும் எப்புடிண்ணே ஏறுது?”

“ஆடிட்டர் பாத்துக் கையெழுத்துப் போட்டதும்மா” என்றார். அந்த ஆடிட்டரை எனக்குத் தெரியும். தறியை எண்ணுவது அவர் வேலையில்லையாம். எண்ணியாச்சு என்று முதலாளி சொல்வதை நம்புவதுதான் வேலையாம். அதற்கு ஃபீஸ் வேறு.

நேரில் பார்க்க வருகிறேன் என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் அண்ணன் பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அல்வாவும் மல்லிகைப்பூவும் வாங்கி வந்திருந்தார். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று கேட்கவைக்கிற முகம் அவருக்கு. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“நாளைக்கு ஒரு நாள் காய்ச்சல்னு லீவு போட்ரு தங்கச்சி. வேற யாரும் வரட்டும். நீ வேணாம்.”

“வேற ஆளு வந்தா என்னண்ணே ஆகும்?”

“டீ குடிச்சிட்டுப் போயிருவாக. நீ எண்ணுவ.”

எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. அவருக்கும் எனக்குத் தெரிந்தது தெரியும். அவர் கிளம்பும்போது “வாரேம்மா” என்றார். “நானும் நாளைக்கு வாரேண்ணே” என்றேன். அவர் முகம் செத்துப்போனதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

காலையில் வருகிறேன் என்று எழுதியிருந்தேன். மதியத்துக்கு மாற்றிவிட்டார்கள். மதியம் அந்தப் பக்கம் கரண்டு இருக்காது. எந்தத் தறி ஓடுகிறது, எது ஓடவில்லை என்று யாரும் கேட்க முடியாது. நான் டவுன் பஸ்ஸில் காளவாசலில் இறங்கி வெயிலில் நடந்து போனேன். முதலாளி வாசலிலேயே நின்றார். இளநீர் வெட்டி வைத்திருந்தார்.

முன் ஷெட்டில் பழைய தறிகள். நான்கைந்து மாதமாகியும் நான் வைத்த சந்தனம் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் ஏறிக் கறுத்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டை அடுத்த ஆயுத பூஜைவரை யாரும் துடைக்க மாட்டார்கள். என் கைவேலையை நானே பார்த்துக்கொண்டு போனேன்.

புதுத் தறிகளைப் பின்னால் தனி ஷெட்டில் போட்டிருந்தார்கள். பன்னிரண்டும் பச்சை பெயிண்டில் பளபளவென்று நின்றன. பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை. பில்லில் உள்ள நம்பரும் தறியில் அடித்திருந்த தகட்டு நம்பரும் எழுத்துக்கு எழுத்து பொருந்தின. தகடு அடித்தவன் கெட்டிக்காரன். நான் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே சுற்றி அந்தப் பக்கம் போனேன்.

ஒரு தறியின் பக்கச் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு பெயிண்ட் படாத இடம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் மட்டும் துருவேறிய பழைய இரும்பு. அதன் மேல் மூன்று விரலால் அழுத்தி இழுத்த திருநீற்றுப் பட்டை, நடுவில் காய்ந்த குங்குமம். சுற்றிலும் பச்சை பெயிண்ட் அதைத் தொடாமல், சாமி மாடத்தைச் சுற்றி மெழுகின மாதிரி, ஒதுங்கிப் போயிருந்தது. அடுத்த தறிக்குப் போனேன். அதிலும் பட்டை. அதற்கடுத்ததிலும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயிண்ட் அடித்தவனுக்கு, பூஜையில் போட்ட திருநீற்றின் மேல் பிரஷ் வைக்கக் கை வரவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் வந்திருக்காது. அவன் முதலாளியிடமே கேட்டானாம். “சாமிக்குப் போட்டது கெடக்கட்டும், சுத்தி அடிச்சிட்டுப் போ” என்று அவரும் சொன்னாராம். இது பிறகு தெரிந்தது. பொய் பில், பொய்த் தகடு, பொய் லாபம், எதற்கும் அஞ்சாத மனுஷன், பூஜை போட்டதை அழித்தால் தொழில் விளங்காது என்பதற்கு மட்டும் அஞ்சியிருக்கிறார். அது அடுத்தவன் தறிக்குப் போட்ட பூஜை என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

“இந்தத் திருநீறு யாரு போட்டது?” என்றேன்.

“புதுசு வந்து எறங்குன அன்னைக்கே பூசாரியக் கூட்டியாந்து போட்டது தாயி.”

“எப்ப வந்து எறங்குச்சு?”

“சித்திரையில. பில்லுலயே இருக்கே.”

“சித்திரையில வந்த தறிக ஆயுத பூஜையன்னைக்கு எங்க போயிருந்துச்சுக? ஒன்னு விடாம வையின்னு எங்கையிலதான குடுத்தீக? நான் வச்ச பொட்டு இதுல ஒன்னுலயும் இல்லையே. அழகர் கூட ஆத்துல எறங்கப் போயி வழி தப்பிப்போச்சுகளா?”

நின்றிருந்த தறிக்காரர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். முதலாளி அவனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. திரும்பி, என் பின்னால் கணக்குக் கட்டோடு நின்ற அண்ணனின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். கண்ணாடி தெறித்துத் தறிக்கடியில் விழுந்தது.

“ஏண்டா, என்னையவே ஏமாத்திட்டியேடா! எழுதப் படிக்கத் தெரியாதவன்னுதான உன்னைய நம்பி விட்டேன்? தாயி, கணக்கு எழுதுனது இவன், பில்லு கொண்டாந்தது இவன், கையெழுத்து இவன் கையெழுத்து. நான் தற்குறி. எனக்கு என்ன தெரியும்?”

அந்தத் தற்குறி தினம் காலையில் இரண்டு பேப்பர் வாசிப்பார். பேங்க் வட்டியை வாயாலேயே பைசா சுத்தமாகச் சொல்வார். எல்லோருக்கும் தெரியும். அண்ணன் குனிந்து துழாவிக் கண்ணாடியை எடுத்தார். வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “டீ சாப்புடுறியா தங்கச்சி?” என்றார்.

வேண்டாம் என்றேன். அந்த இடத்திலேயே உட்கார்ந்து பன்னிரண்டு தறியிலும் பெயிண்ட் படாத இடத்தைப் பற்றிக் குறித்துக்கொண்டேன். அண்ணன் மேல் எனக்கு இரக்கம் வந்ததா என்றால், வந்தது. அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. அடி வாங்கினவருக்கு டீ ஞாபகம் வருகிறதே, கணக்கு எழுதும்போது வேறு எதுவும் ஞாபகம் வரவில்லையா?

மறுநாள் நாத்தனார் வந்தார். நான் அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வந்தவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என் கையிலிருந்த அரிவாள்மணையை வாங்கி அவரே நறுக்க ஆரம்பித்தார்.

“எண்ணிப் பாத்தேன், சரியா இருக்குன்னு ஒரு வரி எழுதுனா உன் கை தேஞ்சா போகும்?”

“எங்கை தேயாது மதினி. வேலை போகும்.”

“ரிப்போர்ட்ட இன்னும் யாருக்கும் குடுக்கலைல்ல? கிழிச்சுப் போட்ரு. மொதலாளி எப்பிடியாச்சும் நெசத் தறி வாங்கிப் போட்ருவாரு. மக சமஞ்சு நிக்கிறா. அப்பன் ஜெயிலுக்குப் போனா எவன் வந்து கட்டுவான்?” கொஞ்ச நேரம் நறுக்கினார். “உன்னைய வேலைக்கு அனுப்புங்கன்னு நான் சண்டை போட்டது எம் புருசனக் கம்பி எண்ண வைக்கவா?”

அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். வந்ததும் கோபம் தலைக்கேறிவிட்டது.

“பொய்க்கணக்கு எழுதச் சொல்லி நானா மதினி சண்டை போட்டேன்?”

நறுக்கின காயைத் தட்டில் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். வழக்கமாகக் கிளம்புகிறவர்களுக்குக் குங்குமம் கொடுப்பேன். சிமிழை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேப்பர் படித்தபடி உட்கார்ந்திருந்தார். “நீ எழுதாட்டி வேற யாராச்சும் ஒருநாள் எழுதத்தான் போறாங்க. அது நீயா இருக்கணுமா?” என்றார். அது நானாகத்தான் இருக்க வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தேன்.

விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. தறிகள் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கூட்டாளியின் ஷெட்டிலிருந்து லாரியில் வந்தவை. கடன் பணம் காளவாசலுக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபமாக எழும்பிக்கொண்டிருந்தது. பில், கணக்கு, பேலன்ஸ் ஷீட் எல்லாவற்றிலும் அண்ணனின் கையெழுத்து. கம்பெனி வாசலில், தறிக்காரர்கள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில்தான் போலீஸ் அவரைக் கூட்டிப்போனது.

முதலாளி சிறைக்கு ஆப்பிள் பழத்தோடு போய்ப் பார்த்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் மகள் கல்யாணம் தன் பொறுப்பு என்றார். அண்ணன் திறக்கவில்லை. மண்டபத்தை ஈடாக எழுதி வைத்து, வட்டியில் கொஞ்சம் தள்ளுபடியும் வாங்கிக்கொண்டு, முதலாளி பேங்கோடு சமரசமாகிவிட்டார். வழக்கு நீர்த்தது. அண்ணன் முடியெல்லாம் நரைத்து வெளியே வந்தார். வேறு எந்தக் கம்பெனியும் அவரை உள்ளே விடவில்லை. பழைய முதலாளியே பாதிச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார். ஊரில் எல்லோரும் முதலாளியின் தாராள குணத்தைப் பாராட்டினார்கள்.

அந்த மண்டபத்தில் நடந்த முதல் கல்யாணம் நாத்தனார் மகளுடையது. முதலாளி வாக்குத் தவறாதவர். எங்களுக்கும் பத்திரிகை வந்தது. மண்டப வாசலில் நாத்தனாரே சந்தனமும் குங்குமமும் கற்கண்டும் வைத்த தட்டோடு நின்றார். எனக்கு முன்னால் போனவளுக்குக் கொடுத்தார். என் முறை வந்தபோது பின்னால் யாரையோ கூப்பிடுவதுபோலத் திரும்பிக்கொண்டார். நான் உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டேன். எங்கள் பேங்க் பணத்தில் கட்டின மண்டபம், எனக்கென்ன வெட்கம்? பாயசத்தை மட்டும் விழுங்க முடியவில்லை.

சில வருஷம் கழித்து அதே கம்பெனி, முதலாளியின் மகன் பெயரில், மறுபடியும் எங்கள் பேங்குக்கு வந்தது. மறுபடியும் புதுத் தறி வாங்கக் கடன் கொடுத்தார்கள். வாங்கியதைச் சரிபார்க்க வேண்டிய நேரம் வந்தபோது, “உங்களுக்குத் தெரிஞ்ச பார்ட்டிதானே, நீங்களே பார்த்துட்டு வந்துருங்க” என்றார் மேனேஜர். சொந்தக்காரர்கள், என்னால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேறு எவரையும் நான் நம்பவில்லை.

இந்த முறை கரண்டு பில் ஏறியிருந்தது. கூலி ஏறியிருந்தது. காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். பின் ஷெட்டில் புதுத் தறிகள் காது கிழியும்படி ஓடிக்கொண்டிருந்தன. ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மூலையில் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தபோதுதான் அது நாத்தனார் என்று தெரிந்தது. அண்ணனின் பாதிச் சம்பளம் போதாமல் அவரும் அங்கேயே வேலைக்கு வந்திருந்தார். தலையெல்லாம் பஞ்சு.

“வருவேன்னு தெரியும்” என்றார். “இந்தத் தடவ எல்லாத்துக்கும் நானே பொட்டு வச்சிருக்கேன். ஒன்னு பாக்கியில்ல. எண்ணிக்க.”

எண்ணினேன். கணக்கு சரியாக இருந்தது. பில், தகடு எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு தறியின் பக்கச் சட்டத்திலும் சந்தனத்தை உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்தார். அந்த அகலம் எனக்கு நன்றாக ஞாபகமிருந்தது.

“இம்புட்டுச் சந்தனம் எதுக்கு மதினி?”

“சாமிக்கு வைக்கிறதுல கணக்குப் பாப்பாகளா?”

முதல் தறியை நிறுத்தச் சொன்னேன். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டேன். தாலி கட்டிக்கொண்ட ஒருத்தி வைத்த பொட்டை, அவள் கண்ணெதிரே இன்னொருத்தி துடைப்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் துடைத்தேன். நாத்தனாரின் கை தன் கழுத்துக்குப் போய்த் தாலியைப் பிடித்துக்கொண்டது. சந்தனமும் குங்குமமும் குழைந்து வந்தன. அடியில் பெயிண்ட் சீராக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

“ஒன்னுதான தொடச்ச?” என்றார். குரல் ஏறவில்லை. “ஒத்தத் தறியப் பாத்து நம்புறவளா நீயி? மிச்சத்தையும் தொடச்சுப் பாரு.”

போதும் மதினி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்குக் கோபமாக வந்தது. பொய்க்கணக்கு எழுதிய கையைத் தடுக்காமல் அதைக் கண்டுபிடித்த கையை வெறுத்த இந்தக் குடும்பத்தின் மேல் கோபம். அழுகையும் வந்தது. ஆனாலும் அவர் சொன்னது சரிதான், ஒன்றைப் பார்த்து நம்புகிற ஆள் நான் இல்லை. அடுத்த தறியை நிறுத்தச் சொன்னேன்.

துடைத்துக்கொண்டே போனேன். நாத்தனார் சிமிழையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு, அன்றைக்குச் சொம்போடு வந்த மாதிரியே பின்னால் வந்தார். நான் துடைத்த ஒவ்வொரு இடத்திலும் மறுபடி வைத்துக்கொண்டே வந்தார். ஒன்று விடவில்லை, நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. ஷெட்டில் ஒவ்வொரு தறியாக நின்று, கடைசியில் சத்தமே இல்லாமல் போயிற்று. தறிக்காரர்கள் சுவரோரம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். எல்லாத் தறிகளும் கம்பெனியின் சொந்தத் தறிகள்தான்.

வாசலில் அண்ணன் நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தோடு நின்றிருந்தார். எங்கள் இருவரில் யாரையும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் வாங்கக் கையை நீட்டியதும் பேனாவைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

“கையத் தொடச்சிட்டு எழுது தங்கச்சி. காயிதம் செவப்பாயிரும்.”